கடல் மீனும் கண்ணாடித் தொட்டியும்



நம் தோட்டங்களில் மீன் வளர்ப்பது புதிய காரியமன்று. லோங்காங்கில் பிடித்த கப்பி மீனைப் போத்தலில் விட்டு வைப்பதும், இக்கான் லாகா என்னும் சண்டை மீனுக்குக் கண்ணாடியைக் காட்டி அது செவுளை விரிப்பதைப் பார்த்து மகிழ்வதும் சிறுவர்களுக்கு நெடுநாளைய பொழுதுபோக்கு. இவை எல்லாம் நன்னீர் மீன்கள். கிணற்று நீரோ குழாய் நீரோ, கொஞ்சம் கவனம் இருந்தால் பிழைத்துக்கொள்ளும்.

ஆனால் சிரம்பானுக்கோ கோலாலம்பூருக்கோ போய்வரும் நம் பிள்ளைகளின் கண் இப்பொழுது வேறு மீன்கள்மேல் விழுகிறது. மீன் கடையில் நீல விளக்கின்கீழ், ஒரு பிடிக்குள் அடங்கும் அளவில், செம்மஞ்சளும் ஊதாவும் கலந்த மீன் ஒன்று கல்லுக்கும் கல்லுக்கும் இடையே நுழைந்து நுழைந்து வெளிவரும். ‘ஏஞ்சல்’ என்று கடைக்காரர் சொல்வார். முதல் சம்பளம் வாங்கிய மகன், ‘அப்பா, இதை வாங்கி வீட்டில் வைப்போமா?’ என்று கேட்பான். இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்பதே இன்றைய பேச்சு. இதில் ஒரு குடும்பத்தின் பணமும், ஓர் உயிரும், வீட்டுக் குழந்தைகளின் பாதுகாப்பும் அடங்கியிருக்கின்றன. ஆகையால் அவசரப்படாமல் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் பெயரைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். கடைகளில் ஏஞ்சல் என்ற பெயரில் இரண்டு வகை மீன்கள் உண்டு. ஒன்று, தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் பகுதியைச் சேர்ந்த நன்னீர் ஏஞ்சல். தட்டையாக, நீண்ட துடுப்புகளோடு, முக்கோணம் போல் இருக்கும். மற்றொன்று கடலில் வாழும் தேவதை மீன். இரண்டுக்கும் பெயர் மட்டுமே ஒற்றுமை. கடல் தேவதை மீன்களுள் பெரியவை ஒரு முழத்துக்குக் கிட்ட வளரும். சிறியவை பெரும்பாலும் 10 முதல் 15 சென்டிமீட்டரோடு நின்றுவிடும். இந்தச் சிறியவற்றைத்தான் குள்ளத் தேவதை மீன் என்கிறோம். இவற்றில் முப்பதுக்கு மேற்பட்ட இனங்கள் உண்டு.

கடைகளில் அடிக்கடி காணப்படுபவை சில. ஊதா உடலில் செம்மஞ்சள் படர்ந்திருப்பது கோரல் பியூட்டி. நெருப்புச் சிவப்பில் கறுப்புக் கோடுகள் இறங்கியிருப்பது பிளேம் ஏஞ்சல். இது பசிபிக் சமுத்திரத்து மீன். முன்பாதி மஞ்சளும் பின்பாதி கருநீலமுமாக இருப்பது பைகலர். சாம்பல் நிற உடலில் மெல்லிய செம்மஞ்சள் வரிகளைக் கொண்டது எய்பில். இது இலங்கை, அந்தமான் பக்கத்துக் கடல்களிலும் வாழ்கிறது. எல்லாவற்றுக்கும் செவுள் மூடியின் ஓரத்தில் ஒரு கூரிய முள் உண்டு. கடல் தேவதை மீனை வண்ணத்துப்பூச்சி மீனிலிருந்து பிரித்து அறிய இந்த முள்ளே அடையாளம். அதனால் இவற்றை வலையால் பிடிக்கக்கூடாது. முள் வலையில் சிக்கி மீன் காயப்படும். பிளாஸ்டிக் குவளையால் நீரோடு முகந்து எடுப்பதே முறை.

நன்னீர் மீனைக் கடல் நீரிலும் கடல் மீனை நன்னீரிலும் ஏன் வளர்க்க முடிவதில்லை? தாய்மார்களுக்கு இது எளிதில் விளங்கும். மாங்காயை வெட்டி உப்பிட்டு வைத்தால் சிறிது நேரத்தில் என்ன நடக்கிறது? காயிலுள்ள நீர் வெளியே வந்துவிடுகிறது. கடல் மீனின் நிலையும் இதுதான். அதன் உடலைச் சுற்றி உடலில் உள்ளதைவிட அதிக உப்பு. ஆகவே அதன் உடல் நீர் ஓயாமல் வெளியே இழுக்கப்படுகிறது. அதை ஈடுகட்ட அது கடல் நீரைக் குடித்துக்கொண்டே இருக்கிறது. மிகுந்த உப்பைச் செவுள் வழியாக வெளியேற்றுகிறது. நன்னீர் மீனுக்கோ நேர்மாறு. வெளிநீர் உடலுக்குள் புகுந்துகொண்டே இருப்பதால், அது மிகுந்த நீரைச் சிறுநீராகக் கழித்தபடி இருக்கிறது. இரண்டின் உடலமைப்பும் இப்படி எதிரெதிராக இருப்பதால் ஒன்றின் நீர் மற்றொன்றுக்கு எமனாகிறது.

சரி, கடல் நீருக்கு எங்கே போவது? ‘போர்ட்டிக்சன் பக்கத்தில்தானே இருக்கிறது, இரண்டு டின் மொண்டு வந்தால் போதாதா?’ என்று லுக்குட்டிலும் லிங்கியிலும் உள்ளவர்கள் கேட்கலாம். போதாது. கரையோர நீரில் ஆற்று மண்ணும், கால்வாய்க் கழிவும், படகு எண்ணெயும் கலந்திருக்கும். பெருமழை பெய்தால் உப்பின் அளவும் குறைந்துவிடும். பவளப்பாறை மீனுக்குத் தெளிந்த, ஒரே அளவு உப்புள்ள நீர் வேண்டும். ஆகவே கடையில் விற்கும் கடல் உப்புத் தூளை நன்னீரில் கரைத்துக்கொள்வதே நல்லது. சமையல் உப்பு இதற்கு உதவாது. கடல் நீரில் சமையல் உப்போடு மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் முதலான பல தாதுக்களும் உண்டு. அவை எல்லாம் சேர்ந்ததுதான் மீனுக்குக் கடல்.

ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. 200 லிட்டர் தொட்டிக்கு ஏறத்தாழ 7 கிலோ உப்பு வேண்டும். வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்ற வேண்டும். அது 20 லிட்டர். அதற்கு 700 கிராம் உப்பு. இது ஒரு நாள் செலவன்று, தொட்டி இருக்கும்வரை தொடரும் செலவு என்பதைக் குடும்பத் தலைவர்கள் முதலிலேயே கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

உப்பின் அளவைப் பார்ப்பது எப்படி? பால்மரத் தோட்டத்தில் வேலை செய்த பெரியவர்கள் ஸ்டோரில் மெட்ரோலாக் கருவியைப் பார்த்திருப்பார்கள். அதைப் பாலில் மிதக்கவிட்டு, எவ்வளவு தூரம் அமிழ்கிறது என்று பார்த்துக் காய்ந்த ரப்பரின் அளவைச் சொல்லுவார் கிராணி. கடல் நீரை அளக்கும் மிதவைக் கருவியும் அதே தத்துவந்தான். ரப்பர் நீரைவிட இலேசானது. ஆகவே ரப்பர் மிகுந்த பாலில் கருவி ஆழ அமிழும். உப்பு நீரோ கனமானது. ஆகவே உப்பு மிகுந்தால் கருவி மேலே எழும்பும். நன்னீரின் கனத்தை 1 என்று கொண்டால், நம் தொட்டி நீர் 1.023 முதல் 1.025 வரை இருக்க வேண்டும். இந்தக் கருவி இல்லாமல் நாக்கால் ருசி பார்த்து உப்பிடுவது மீனைக் கொல்லும் வழி.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். வெயில் காலத்தில் தொட்டி நீர் ஆவியாகிக் குறையும். நீர் மட்டுமே போகிறது, உப்பு போவதில்லை. குறைந்த இடத்தை மீண்டும் உப்பு நீரால் நிரப்பினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். ஆவியான நீருக்கு நன்னீரைத்தான் ஊற்ற வேண்டும். குழாய் நீரில் குளோரின் இருப்பதால் குளோரின் முறிக்கும் மருந்தைக் கலந்த பிறகே பயன்படுத்த வேண்டும். தகரக் கூரையிலிருந்து வழியும் மழைநீரைத் தவிர்ப்பது நல்லது. தகரத்தின் துத்தநாகம் அதில் கரைந்திருக்கும். அது கடல் உயிர்களுக்கு, முக்கியமாக இறால் வகைகளுக்கு, நஞ்சு.

இனி, கண்ணுக்குத் தெரியாத எதிரியைப் பற்றிச் சொல்வோம். பால் உறையாமல் இருக்க அதில் அமோனியா கலப்பார்கள். அதன் நெடி எப்படிக் கண்ணைக் கரிக்கும் என்பது ஸ்டோரில் நின்றவர்களுக்குத் தெரியும். மீனின் செவுளிலிருந்து வெளியாகும் கழிவும் இதே அமோனியாதான். தின்னாமல் விட்ட இரை அழுகினாலும் அமோனியா உண்டாகும். கடலில் அது எங்கோ கரைந்து போகிறது. ஒரு சிறு தொட்டியில் எங்கே போகும்? மீன் அதிலேயே மூச்சு விட்டுச் சாகும்.

இதற்கு இயற்கையே மருந்து வைத்திருக்கிறது. ஒருவகை நுண்ணுயிர்கள் அமோனியாவைத் தின்று நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதுவும் நஞ்சுதான். வேறொரு வகை நுண்ணுயிர்கள் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட் அவ்வளவு கெடுதல் இல்லை. வாராவாரம் நீர் மாற்றுவதால் அது குறைந்துவிடும். இந்த நுண்ணுயிர்கள் கல்லிலும் மணலிலும் ஒட்டி வளர்கின்றன. அவை போதிய அளவு பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். ஆகவே தொட்டியில் கல்லும் மணலும் நீரும் போட்டு, ஒரு சிறு துண்டு இறாலை உள்ளே இட்டு, மீன் இல்லாமலே காத்திருக்க வேண்டும். சோதனை மருந்தைக் கொண்டு பார்த்து, அமோனியாவும் நைட்ரைட்டும் ஏறி இறங்கிச் சுழியமான பிறகுதான் முதல் மீன்.

குள்ளத் தேவதை மீன் இன்னும் பொறுத்து வர வேண்டியது. அது கடலில் நாள் முழுவதும் கல்லின்மேல் வளர்ந்த பாசியையும், மிகச் சிறிய உயிர்களையும் கொத்திக்கொண்டே திரியும். புதுத் தொட்டியில் கல் மொட்டையாக இருக்கும். மீனுக்கு மேய இடம் இராது. கல்லில் பாசி பிடித்துத் தொட்டி சில மாதம் முதிர்ந்த பிறகு, கடைசியாக விட வேண்டிய மீன் இது. முதலில் விட்டால் தொட்டி முழுவதும் தனக்கே சொந்தம் என்று பின்னால் வரும் மீன்களை விரட்டும்.

ஒரு தொட்டிக்கு ஒரு குள்ளத் தேவதை மீன் போதும். இரண்டு சம அளவு மீன்களை ஒரு சிறு தொட்டியில் விட்டால் ஒன்று மற்றொன்றைத் துரத்தியே கொன்றுவிடும். கடலில் இவை ஓர் ஆணும் சில பெண்களுமாகக் கூட்டமாய் வாழும். இதில் ஓர் அதிசயம் உண்டு. இந்த மீன்கள் முதலில் பெண்ணாகவே வளர்கின்றன. ஆண் இறந்துபோனால் பெண்களில் பெரியது சில வாரங்களில் ஆணாக மாறிக் கூட்டத்தின் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறது. அந்திப் பொழுதில் ஆணும் பெண்ணும் நீரில் மேலெழும்பி முட்டை விடும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான முட்டைகள் அலையில் மிதந்து போய், ஏறத்தாழ ஒரு நாளில் பொரிக்கும். குஞ்சின் வாய் அவ்வளவு சிறியது. அதற்கேற்ற இரையைத் தருவது மிகக் கடினம். 2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில்தான் ஹவாயில் இவற்றின் குஞ்சுகளைத் தொட்டியில் வளர்த்தெடுத்தார்கள். இன்றும் கடைக்கு வரும் குள்ளத் தேவதை மீன்களில் பெரும்பாலானவை கடலில் பிடித்தவையே.

கடலில் பிடிப்பதிலும் நல்ல முறை உண்டு, தீய முறையும் உண்டு. 1960-ஆம் ஆண்டுகளில் பிலிப்பைன்ஸில் ஒரு கெட்ட வழக்கம் தொடங்கியது. சயனைடு நஞ்சை நீரில் கரைத்துப் பவளப் பொந்துக்குள் பீய்ச்சுவார்கள்; மீன் மயங்கி வெளியே வரும். பொந்திலுள்ள பவளமும் சிறு உயிர்களும் செத்துப் போகும். மயங்கிய மீன் தெளிந்து நீந்தினாலும், உள்ளுறுப்புகள் கெட்டுச் சில நாளிலோ சில வாரத்திலோ மடிவதுண்டு. மலேசியாவில் 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் நஞ்சும் வெடியும் வைத்து மீன் பிடிப்பதைத் தடை செய்கிறது. 1994-ல் புலாவ் பாயார், ரெடாங், தியோமான் முதலிய தீவுகளைச் சூழ்ந்த கடல் பகுதிகள் கடல் பூங்காக்களாக அறிவிக்கப்பட்டன. அங்கே மீனோ பவளமோ எடுக்கக் கூடாது. ஆகவே தொட்டி அலங்காரத்துக்குக் கடற்கரையில் பவளத்தை உடைத்து வர வேண்டாம். கடையில் கிடைக்கும் காய்ந்த கல்லே போதும்.

வாங்கும்போது எப்படிப் பார்த்து வாங்குவது? இன்று வந்து இறங்கிய மீனை இன்றே வாங்கக் கூடாது. கடைக்கு வந்து ஒன்றிரண்டு வாரம் ஆன மீனையே கேளுங்கள். உங்கள் கண்முன்னே இரை போடச் சொல்லுங்கள். பாய்ந்து வந்து தின்கிறதா, வயிறு ஒட்டாமல் இருக்கிறதா, கண் தெளிவாக இருக்கிறதா, மூச்சு வாங்குகிறதா என்று பாருங்கள். இரை போட மறுக்கும் கடையில் மீன் வாங்க வேண்டியதில்லை. இனங்களுக்குள்ளும் வேறுபாடு உண்டு. கோரல் பியூட்டி ஓரளவு தாக்குப்பிடிக்கும். பைகலர் பழகாதவர் கையில் பெரும்பாலும் இரை எடுக்காமல் மெலிந்துபோகும்.

வீட்டுக்கு வந்த பிறகு இரை விஷயம். பிள்ளைகள் ஆசையோடு சோறும் ரொட்டியும் போடுவார்கள், கூடாது. மசாலா சேராத கடற்பாசித் தாள், பாசி கலந்த இரைத்தூள், உறைய வைத்த சிறு இறால் வகை ஆகியவற்றை நாளைக்கு இரண்டு மூன்று வேளை, ஓரிரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு போட்டால் போதும். வீட்டில் ஒருவர் மட்டுமே இரை போடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு பிடி போட்டால் மீன் பசியால் சாகாது, அமோனியாவால் சாகும்.

அடுத்தது நம் வீடுகளின் நிலை. இந்த மீனுக்கு 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் வெப்பம் ஏற்றது. தகரக் கூரை வீட்டில் பிற்பகல் வெப்பம் எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை. நீர் சூடேறினால் அதில் கரையும் பிராணவாயு குறையும். மீனோ அதிக மூச்சு வாங்கும். தொட்டியை மேற்குச் சுவரோரம் வைக்காமல் வீட்டின் குளிர்ந்த மூலையில் வையுங்கள். ஒரு சிறு விசிறி நீர்ப்பரப்பின்மேல் வீசினால் சில டிகிரி குறையும். நீர் ஆவியாவது மட்டும் கூடும். சிறிய தொட்டி விரைவில் சூடேறும். பெரிய தொட்டி நிதானமாக மாறும். ஆகையால்தான் 200 லிட்டர் என்கிறோம். 200 லிட்டர் நீர் மட்டும் 200 கிலோ. கண்ணாடியும் கல்லும் மணலும் சேர்ந்தால் 250 கிலோவைத் தாண்டும். பத்துக் கிலோ அரிசி மூட்டை இருபத்தைந்தை ஓரிடத்தில் அடுக்கியது போல. பழைய பலகைத் தரை தாங்காது. சிமெண்டுத் தரையில் உறுதியான மேசைமேல் வைக்க வேண்டும்.

தோட்டத்துக்கே உரிய ஆபத்துகள் இரண்டு உண்டு. மருந்து தெளிக்கும் வேலை செய்பவர்கள், சோப்புப் போட்டு நன்றாகக் கை கழுவாமல் தொட்டிக்குள் கை விடக் கூடாது. புல்மருந்து, பூச்சி மருந்து கலந்த வாளி எவ்வளவு கழுவினாலும் மீன் தொட்டிக்கு ஆகாது. தொட்டிக்கென்று தனி வாளி வேண்டும். டிங்கிக் காய்ச்சலைத் தடுக்கச் சுகாதார இலாகாவினர் புகையடிக்க வரும்போது, காற்று பம்ப்பை நிறுத்தித் தொட்டியை ஈரத்துணியும் பிளாஸ்டிக்கும் கொண்டு மூடிவிடுங்கள். கொசுவைக் கொல்லும் அந்த மருந்து மீனையும் கொல்லும். புகை அடங்கி வீடு காற்றாடிய உடனே மறவாமல் திறந்துவிட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலானது மின்சாரம். உப்பு நீர் நன்னீரைவிட மிக எளிதாக மின்சாரத்தைக் கடத்தும். தொட்டிக்குப் போகும் ஒயரை, பிளக்குக்குக் கீழே தொங்கி வளைந்து மேலேறும்படி அமைக்க வேண்டும். அப்பொழுதுதான் வழியும் நீர் வளைவின் அடியில் சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது. வீட்டில் இஎல்சிபி என்னும் பாதுகாப்புச் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று மின் ஊழியரைக் கொண்டு பார்க்க வேண்டும். தொட்டிக்குள் கை விடுமுன் எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்துவிட வேண்டும். தவழும் குழந்தை உள்ள வீட்டில் இந்த ஏற்பாடுகள் இல்லாவிட்டால் கடல் தொட்டியே வேண்டாம். மீன் போனால் வாங்கலாம். பிள்ளையை வாங்க முடியாது.

இவ்வளவையும் கேட்டபின், ‘அப்படியானால் நமக்கு இது எட்டாத ஆசையா?’ என்று இளைஞர்கள் சோர்ந்து போக வேண்டாம். எட்டும், படிப்படியாக எட்டும். முதல் ஆண்டு ஒரு நன்னீர்த் தொட்டியை ஒழுங்காக நடத்திப் பாருங்கள். வாராவாரம் நீர் மாற்றும் பழக்கம் நிலைத்துவிட்டதா என்று உங்களையே சோதித்துக்கொள்ளுங்கள். பிறகு கடல் தொட்டிக்குப் போகலாம். அப்பொழுதும் முதல் மீனாகக் கோமாளி மீனை வாங்குவது நல்லது. அது தொட்டியிலேயே பொரித்து வளர்க்கப்படும் மீன். தமிழ்நாட்டில் இராமேசுவரத்துக்குப் பக்கத்திலுள்ள மண்டபத்தில், மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கோமாளி மீன்களை முட்டையிடச் செய்து குஞ்சுகளை வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். அப்படிப் பிறந்த மீனை வாங்கும்போது கடலுக்கும் நட்டமில்லை. தொட்டி வாழ்க்கையும் அதற்குப் பழகியது.

மீன் வளர்க்க வசதியில்லாத குடும்பங்களும் இந்த அழகை இழக்க வேண்டியதில்லை. கோலாலம்பூரில் 2005-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அக்குவாரியா காட்சிச் சாலையில் கடல் மீன்களைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். போர்ட்டிக்சனை அடுத்து, மலாக்கா மாநிலத்தைச் சேர்ந்த தஞ்சோங் துவான் முனையில், நீர் வற்றும் நேரத்தில் பாறைக் குழிகளைப் பார்த்தால் நண்டும் சிறு மீனும் கண்ணில் படும். பார்த்துவிட்டு அங்கேயே விட்டு வர வேண்டும்.

முடிவாக ஒன்று. வாங்குமுன் குடும்பமாக உட்கார்ந்து மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். மாதந்தோறும் உப்புக்கும் மின்சாரத்துக்கும் ஆகும் வெள்ளியை வீட்டுச் செலவைத் தொடாமல் ஒதுக்க முடியுமா? மீன் இல்லாத தொட்டியைப் பார்த்துக்கொண்டு ஆறு வாரம் பொறுத்திருக்க முடியுமா? மகன் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டால் தொட்டியைக் கவனிப்பவர் யார்? மூன்றுக்கும் விடை இருந்தால் தாராளமாகத் தொடங்கலாம். ஒன்றுக்கு விடை இல்லாவிட்டாலும் கொஞ்சம் காத்திருப்போம். நன்றாகக் கவனித்தால் இந்த மீன் பல ஆண்டுகள் நம் வீட்டில் வாழும். வளர்க்க முடியாமல் போனால் கடையிலோ வேறு வளர்ப்பவரிடமோ ஒப்படைக்க வேண்டுமே தவிர, ஆற்றிலோ கடலிலோ கொண்டுபோய் விடக் கூடாது. அங்கே அது பிழைக்காமலும் போகலாம். அது கொண்டுபோகும் நோய் அங்குள்ள மீன்களுக்கும் பரவலாம்.